நல்லெண்ணமும் பொய் எச்சரிக்கையும்

பொல்லாதவன் பரப்பும் பொய்யைக் கண்டுகொள்வது அவ்வளவு கடினமான காரியமன்று. அவனுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டாலே பாதிப் பொய் வெளியாகிவிடும். ஆனால், ஒரு காசும் லாபம் கருதாமல், பிறர் ஏமாந்து போகக் கூடாதே என்ற ஒரே கவலையால் நல்லவர்கள் பரப்பும் பொய் ஒன்று உண்டு. அதைச் சந்தேகிக்க நமக்கு மனம் வருவதில்லை. சொல்லுகிறவர் நமக்குத் தெரிந்தவர், நம்மிடம் அன்புள்ளவர், சொல்லுவதும் நம் நன்மைக்காகவே. அப்படி வரும் பொய்யை எந்த வாசலில் நிறுத்துவது? "மோசடி! ஜாக்கிரதை!" என்ற தலைப்புடன் கைபேசிக்குக் கைபேசி தாவி வரும் போலி எச்சரிக்கைகளைப் பற்றியே இன்று எழுத முற்படுகிறோம்.

காஞ்சீபுரம் ஜில்லாவில் ஒரகடத்தை அடுத்து வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2022-ம் வருஷத்தில் மத்திய தொல்பொருள் இலாகாவினர் அங்கே நிலத்தை அகழ்ந்து, கற்கால மனிதர் செய்த கல் கருவிகளை வெளியே எடுத்தார்கள். அந்தப் பழைய மண்ணைச் சுற்றிச் சில மைல் தூரத்திற்குள் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் எழும்பி நிற்கின்றன. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும், பீகார், ஒடிஸா, அஸ்ஸாம் முதலிய தூர மாகாணங்களிலிருந்தும் வந்த வாலிபர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வாடகை அறைகளில் வசிக்கிறார்கள். இவ்வட்டாரத்தில் பொதுக் காரியங்களில் முன்னிற்கும் எந்த அன்பருடைய கைபேசியை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். வார்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, கட்சிக் கிளைக்கு ஒன்று, கோயில் திருப்பணிக்கு ஒன்று, பள்ளித் தோழர்களுக்கு ஒன்று. பொழுது விடிந்ததும் எல்லாவற்றிலும் வந்து விழுவது ஏதேனும் ஓர் எச்சரிக்கைதான்.

மூன்று மாதிரிகள்

மாதிரிக்கு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது ஏ.டி.எம். பற்றியது. திருடன் கத்தியைக் காட்டிப் பணம் எடுக்கச் சொன்னால் ரகசிய எண்ணைத் தலைகீழாக அழுத்த வேண்டுமாம்; பணமும் வருமாம், போலீஸாருக்கும் தகவல் பறக்குமாம். இப்படியொரு ஏற்பாட்டை அமெரிக்காவில் ஒருவர் 1990-களில் யோசித்துப் பேடண்ட் உரிமை பெற்றது மெய். ஆனால், அத்தேசத்து வர்த்தகக் கமிஷன் 2010-ல் இதுபற்றி விசாரித்தபோது, அதை எந்த வங்கியும் நடைமுறைக்குக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. நம் நாட்டு ஏ.டி.எம்.களிலும் அந்த ஏற்பாடு கிடையாது. சிறிது யோசித்தாலே இதன் கோளாறு விளங்கும். 1221 என்று எண் வைத்திருப்பவர் எப்படி அழுத்தினாலும் அது தலைகீழ் எண்தானே! அவர் பணம் எடுக்கப் போகும் போதெல்லாம் போலீஸ் வண்டி வந்து நிற்க வேண்டுமன்றோ?

இரண்டாவது, யாரேனும் கூப்பிட்டு #90 அல்லது #09 அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள், அழுத்தினால் உங்கள் சிம் கார்டு பயங்கரவாதிகள் வசமாகிவிடும் என்பது. இதற்கும் ஒரு வேர் உண்டு. 1990-களில் அமெரிக்க ஆபீஸ்களில், வெளியே பேசுவதற்கு முதலில் 9 அழுத்த வேண்டிய சிலவகை டெலிபோன்களில் இதைப் போன்ற ஒரு தந்திரம் செல்லுபடியாயிற்று. வீட்டு டெலிபோனிலும் கைபேசியிலும் அது செல்லாது. இருந்தும், வேர் அறுந்த பிறகும் கிளை மட்டும் கடல் கடந்து வந்து நம்மிடையே தழைத்தது.

மூன்றாவது, 2022-ம் வருஷம் ஜூன் மாதம் தேசமெங்கும் சுற்றிய ஒரு சலனப் படம். கார்க் கண்ணாடியைத் துடைக்கும் ஒரு சிறுவன், கையில் கட்டிய கடிகாரத்தை ஃபாஸ்டேக் சீட்டின் மேல் காட்டி அதிலுள்ள பணத்தைத் திருடிக்கொண்டு போவதாக அதில் காட்டப்பட்டது. அது நடிகர்களைக் கொண்டு தயாரித்த நாடகம். ஃபாஸ்டேக் முறையை நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் உடனே மறுப்பு வெளியிட்டது. ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பதிவு பெற்ற சுங்கச்சாவடி, வாகன நிறுத்துமிடம் முதலியவற்றுக்கு மட்டுமே பணம் போகும். ஒரு தனி மனிதரிடமிருந்து இன்னொரு தனி மனிதருக்குப் போக வழியே இல்லை என்று அது விளக்கிற்று. ஆயினும், படம் சென்ற வேகத்தில் மறுப்பு செல்லவில்லை.

இவ்விடத்தில் நம்முடைய குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தை நாமும் அனுப்பினோம். வாதி சொல்வதை ஒரு வார்த்தைகூட ருஜுவில்லாமல் நம்பக் கூடாதென்று கோர்ட்டில் இருபது வருஷம் வாதாடிய வக்கீல், காரில் உட்கார்ந்தபடியே விரலால் ஒரு தட்டுத் தட்டி நாற்பது நண்பர்களுக்கு அதை அனுப்பி, ஒரு நற்காரியம் செய்த திருப்தியுடன் கண்ணை மூடிக்கொண்டார்! மறுநாள் ஒரு நண்பரிடமிருந்து பதில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் சிக்னலில் நின்றபோது துணியோடு ஒரு பையன் வந்தானாம். டிரைவர் இறங்கி அவன் கையைப் பிடித்து முறுக்கி விரட்டினாராம். "தங்கள் எச்சரிக்கை சமயத்தில் வந்தது, மிக்க வந்தனம்" என்று முடித்திருந்தார். நம் வாழ்நாளில் இவ்வளவு சுட்ட வந்தனம் வேறொன்றில்லை. அந்தப் பையன் யார், எந்த ஊர், என்ன பசியோடு வந்தான் என்பது நமக்குத் தெரியாது. அவன் கையை முறுக்கியவர்களில் நாமும் ஒருவர் என்பது மட்டும் தெரியும்.

ஏன் நம்புகிறோம்?

இவ்வெச்சரிக்கைகளின் அமைப்பைக் கவனித்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது புலப்படும். தொடக்கத்தில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் அல்லது போலீஸ் இலாகாவின் பெயர் இருக்கும். எந்த ஊர்ப் போலீஸ் என்பது இராது. "நேற்று நடந்தது" என்றிருக்கும், தேதி இராது. அந்த நேற்று ஐந்து வருஷமாக நேற்றாகவே இருந்துவரும். பாதிக்கப்பட்டவர் "என் நண்பரின் உறவினர்" ஆயிருப்பார். அவரை ஒருவரும் பார்த்திரார். முடிவில், "உங்களுக்கு வேண்டியவர்கள் எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்ற கட்டளை தவறாமல் வரும்.

முன்பெல்லாம் தபால் கார்டில் இப்படி வருவதுண்டு. ஒரு தெய்வத்தின் மகிமையை எழுதி, கிடைத்தவர் இத்தனை பேருக்குப் பிரதி எழுதி அனுப்பாவிட்டால் கேடு வருமென்று மிரட்டியிருக்கும். கார்டு வாங்கக் காசு வேண்டும்; கைநோக எழுத வேண்டும். அந்தச் சிரமமே பல கார்டுகளுக்கு அணையாக நின்றது. இன்று காசுமில்லை, கைநோவுமில்லை. பழைய கார்டு தெய்வ பயத்தைக் காட்டியது. புதிய செய்தியோ நம் பரோபகார புத்தியைத் தொட்டு எழுப்புகிறது. பயந்தவன் சில சமயம் யோசிப்பான். உபகாரம் செய்வதாக நினைப்பவனோ யோசிப்பதேயில்லை.

"போனால் போகட்டும், பொய்யாயிருந்தால் நஷ்டமென்ன? உண்மையாயிருந்தால் ஒருவராவது பிழைப்பாரே!" என்று அன்பர்கள் சொல்லுவார்கள். இந்த வாதத்திற்குப் பதில் சொல்லாமல் மேலே போவதற்கில்லை.

மூன்று நஷ்டங்கள்

முதல் நஷ்டம், ஆபத்துக் காலத்தில் பொய் மருந்தை நம்பி நிற்பது. கத்தி முனையில் நிற்பவர் எண்ணைத் தலைகீழாக அழுத்திவிட்டுப் போலீஸ் வருமென்று காத்திருந்தால் அவர் உயிருக்கு யார் ஜவாப்தாரி?

இரண்டாவது நஷ்டம், மெய்யான எச்சரிக்கை மதிப்பிழப்பது. இணைய மோசடிகளால் நம் தேசத்து ஜனங்கள் 2023-ல் இழந்த தொகை 7,465 கோடி ரூபாய்; 2024-ல் 22,845 கோடி ரூபாய். மத்திய சர்க்கார் 2025-ல் பார்லிமெண்டில் தெரிவித்த கணக்கு இது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! ஆகையால் மோசடி என்பது வெறும் பூச்சாண்டியன்று. போலீஸ் அதிகாரியைப் போல் உடுத்து வீடியோவில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டி ஆயுட்காலச் சேமிப்பைச் சுருட்டும் கூட்டம் மெய்யாகவே இருக்கிறது. அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. இதை எல்லாரும் அறிய வேண்டும். ஆனால், தினம் பத்துப் பொய் எச்சரிக்கையைக் கேட்டுக் காது மரத்துப்போனவனுக்கு, பதினோராவதாக வரும் மெய் எச்சரிக்கை எப்படிக் கேட்கும்? ஊர்க் காவற்காரன் நரியைக் கண்டும் நாயைக் கண்டும் தப்படித்துக்கொண்டே இருந்தால், திருடன் வரும் இரவில் ஊர் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாவது நஷ்டமே மிகக் கொடியது. ஒவ்வோர் எச்சரிக்கையும் யாரோ ஒருவரைச் சுட்டிக் காட்டுகிறது. சுட்டப்படுகிறவன் பெரும்பாலும் ஏழை, அந்நியன், தனக்காக வாதாட அந்த ஊரில் ஆளில்லாதவன்.

2018-ம் வருஷம் மே மாதம், குழந்தைகளைக் கடத்தும் வடநாட்டுக் கும்பல் தமிழ்நாட்டுக்குள் வந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வட ஜில்லாக்களெங்கும் பரவிற்று. அதை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்கள். பிறர் பிள்ளைகளுக்காகவும் பயந்தவர்கள். அம்மாதம் 9-ந் தேதி சென்னையிலிருந்து உறவினர்களுடன் காரில் குலதெய்வ வழிபாட்டுக்காகத் திருவண்ணாமலை ஜில்லா போளூர்ப் பக்கம் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே அவர் செய்த குற்றம். ஊரார் திரண்டு அடித்ததில் அவர் உயிர் துறந்தார். உடன் சென்றவர்கள் படுகாயமடைந்தார்கள். குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த பாட்டியைக் கொல்லத் தமிழ் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது எது? குழந்தைகளைக் காப்பாற்றுங்கள் என்ற ஒரு செய்தி!

அக்காலத்தில் தேசத்தின் பல பாகங்களில் இப்படியே கொலைகள் நடந்தன. அப்போது சுற்றிய காட்சிகளில் ஒன்றின் வரலாறு விசித்திரமானது. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவதாக அது காட்டும். அது கராச்சியில் ஒரு தர்ம ஸ்தாபனம், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோருக்கு அறிவூட்டத் தயாரித்த படம். முடிவில் குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு அறிவிப்புப் பலகையைக் காட்டுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டு மீதியை அனுப்பினார்கள். நல்லெண்ணத்தோடு செய்த படம், வால் அறுக்கப்பட்டதும் கொலைக் கருவியாயிற்று. இதன் பிறகே, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே சமயத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனியார் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தார்கள்.

2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் அம்பு திரும்பிப் பாய்ந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகள் தாக்கப்பட்டுக் கொல்லப்படுகிறார்கள் என்று வடநாட்டில் படங்கள் பரவின. வேறு சந்தர்ப்பங்களில் நடந்த சச்சரவுகளின் காட்சிகளுக்குப் புதுத் தலைப்புச் சூட்டி அனுப்பியிருந்தார்கள் என்று தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் சர்க்கார் நான்கு அதிகாரிகளை இங்கே அனுப்பி நேரில் பார்த்துவரச் செய்தது. அதற்குள் அநேகம் தொழிலாளிகள் பயந்து ரயிலேறிவிட்டார்கள். பரப்பியவர்களில் சிலருக்கு அரசியல் நோக்கமும் விளம்பர ஆசையும் இருந்திருக்கலாம். ஆனால், பீகார்க் கிராமத்துத் தாய் ஒருத்தி மகனைக் கூப்பிட்டு, "அப்பா, புறப்பட்டு வந்துவிடு" என்று அழுதபோது, அவளுக்கு என்ன நோக்கம் இருந்திருக்கும்? வடக்குப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் வாடகை அறையில் இருக்கும் வாலிபன், ஒரு வருஷம் நம்மால் பிள்ளை பிடிப்பவனாகச் சந்தேகிக்கப்படுகிறான். மற்றொரு வருஷம் நம்மைக் கொலைகாரராகச் சந்தேகிக்கிறான். இரண்டும் எச்சரிக்கைகள் செய்த வேலை. அடுத்த அறையில் குடியிருப்பவனை இருவரும் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் இரண்டு பொய்யும் மடிந்திருக்கும்.

சட்டம் சொல்லும் நன்னம்பிக்கை

"எங்கள் மனசில் கள்ளமில்லையே" என்பார்கள். கள்ளமில்லாமை போதுமா என்பதைச் சட்டம் வெகு காலத்திற்கு முன்பே தீர்மானித்திருக்கிறது. வதந்தியால் கலகம் விளைவிப்பதைத் தண்டிக்கும் 505-ம் பிரிவில், 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு ஒரு விலக்கும் அளித்திருந்தது. தகுந்த ஆதாரத்தைக் கொண்டு உண்மையென்று நம்பி, நன்னம்பிக்கையோடு, தீய கருத்தின்றிச் சொன்னவன் குற்றவாளியாகான். ஆனால் நன்னம்பிக்கை என்றால் யாது? அதே சட்டத்தின் 52-ம் பிரிவு விடை கூறிற்று: உரிய கவனமும் ஜாக்கிரதையும் இல்லாமல் செய்தது எதுவும், நம்பியது எதுவும், நன்னம்பிக்கை ஆகாது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய நியாய சம்ஹிதை அந்தச் சட்டத்தின் இடத்திற்கு வந்துவிட்டது. இந்த இலக்கணம் மட்டும் மாறவில்லை. மனம் சுத்தமாயிருந்தால் மட்டும் போதாது. கண்ணும் திறந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். கவனமற்ற அன்பைச் சட்டம் நல்லெண்ணம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

சாட்சியச் சட்டமும் இப்படியே. கண்டதைக் கண்டவன் சொல்ல வேண்டும். கேட்டதைக் கேட்டவன் சொல்ல வேண்டும். அவன் சொன்னான், இவன் சொன்னான் என்ற சாட்சியை நீதிபதி உட்காரவும் விடமாட்டார். வடக்குப்பட்டில் அகழ்ந்தவர்களும் இந்த முறையையே அநுசரிப்பவர்கள். ஒரு கல் கருவி கையில் கிடைத்தால் மட்டும் போதாது. எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதைக் குறித்து வைப்பார்கள். இடம் தெரியாத கல், எவ்வளவு அழகாயிருந்தாலும் சரித்திரத்திற்குச் சாட்சியாகாது. கிடைத்த இடம் தெரியாத செய்தியும் அப்படியே.

#90 பொய் என்றோம். ஆனால், முன்பின் தெரியாதவர் பேச்சைக் கேட்டு *401* என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்தினால், உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனுக்குத் திரும்பிவிடும் என்ற எச்சரிக்கை மெய். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வித்தியாசம் எதில்? இரண்டாவதைச் சொன்னது மத்திய தொலைத்தொடர்பு இலாகா. வெறும் எச்சரிக்கையோடு நில்லாமல், எண்களை அழுத்தி அழைப்பைத் திருப்பும் அந்த வசதியையே 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி டெலிபோன் கம்பெனிகளுக்கு உத்தரவும் இட்டது. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்தச் செய்தியிடம் பதில் இருக்கிறது.

பழி ஜனங்கள் மேல் மட்டுமா?

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஜனங்களை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண் தொழிலாளிகள் பலர், விடுதிச் சாப்பாட்டினால் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி எழுந்தது. தோழிகளின் கதியை உடனே அறிய முடியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மரணச் செய்தி பொய். விடுதியின் சீர்கேடு மெய். உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் வாயடைத்திருக்கும் இடத்தில்தான் பொய் வாய் திறக்கிறது. ஆதலால், வதந்தி பரப்பாதே என்று உத்தரவிடும் அதிகாரிகளும் முதலாளிகளும், உண்மையைத் தாமதமின்றி, தமிழிலும் ஹிந்தியிலும், தொழிலாளிக்கு எட்டும் இடத்தில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஊழியர்களின் கடமை

முடிவாக, பொதுவாழ்வில் ஈடுபட்ட நம் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது. யாரோ ஒரு சிறுவன் அனுப்பினால் சிரித்துவிட்டுப் போகும் செய்தி, உங்கள் பெயரோடு வந்தால் சாசனமாகிவிடுகிறது. அந்த மதிப்பு பல வருஷத் தொண்டினால் சேர்ந்த மூலதனம். அதைக் கண்டவன் எழுதிய கடனுக்கெல்லாம் ஜாமீன் வைக்கலாமா?

செய்ய வேண்டியது அதிகமில்லை. சொன்னவர் யார், நடந்த ஊர் எது, தேதி என்ன என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையேல் செய்தி உங்களோடு நிற்கட்டும். அவசரமென்று தோன்றினால் உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ வங்கிக்கோ ஒரு முறை பேசிவிட்டு அனுப்புங்கள். எவரேனும் மெய்யாகவே பணத்தைப் பறிகொடுத்திருந்தால், உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறாரோ அவ்வளவு பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. நூறு போலி எச்சரிக்கை செய்யாத நன்மையை இந்த ஓர் எண் செய்யும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொய்யை அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், சத்தமில்லாமல் அழித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். எந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அதே குழுவுக்கு, "நான் அனுப்பியது பொய், தவறு என்னுடையது" என்று எழுதுங்கள். சிறிது வெட்கமாயிருக்கும். நாமும் அந்த நாற்பது நண்பர்களுக்கு எழுதினோம், வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால், கையை முறுக்கி விரட்டிய டிரைவருக்கு நம் நண்பர் அதைப் படித்துக் காட்டினாராம். அடுத்த சிக்னலில் வேறொரு பையன் துணியோடு வந்தபோது, அவர் கண்ணாடியை இறக்கிப் பத்து ரூபாய் கொடுத்தார் என்று கேள்விப்பட்டோம். இதுவும் கேள்விச் சாட்சியந்தான். ஆனால், சொன்னவர் யார், எந்த ஊர், என்ன தேதி என்று மூன்றையும் விசாரித்த பிறகே இங்கே எழுதுகிறோம்.